டெக்சாஸில் எண்ணெய், எரிவாயுக் குத்தகை: நில உரிமையாளர் எதை முதலில், எதைக் கடைசியில் பேச வேண்டும்

டெக்சாஸில் நிலம் உள்ளவர்களுக்குத் தபாலில் வரும் குத்தகைக் கடிதத்தில், ஏக்கருக்கு இத்தனை டாலர் போனஸ் என்ற எண் பளிச்சென்று கண்ணில் படும்படி அச்சிடப்பட்டிருக்கும். உடன் வரும் ஆறேழு பக்க ஒப்பந்தமோ பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். புதிதாக இதில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணைப் பற்றி மட்டும் பேரம் பேசி, கொஞ்சம் கூட்டி வாங்கிவிட்டோம் என்ற நிறைவோடு கையெழுத்திடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். போனஸ் என்பது கையெழுத்துக்காக ஒரே ஒரு முறை வருவது. ஒப்பந்தத்தின் வாசகங்களோ கிணறு ஓடும் காலமெல்லாம், சில குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் தலைமுறை வரை, நிலத்தைப் பிணைத்து வைப்பவை. எனவே இந்த வழிகாட்டியில் போனஸ் பத்தாவது படியாகத்தான் வருகிறது.

இங்கே சொல்லியிருப்பது தனியார் கனிம உரிமைக்கும் டெக்சாஸ் சட்டத்துக்கும் மட்டுமே பொருந்தும். ஒக்லஹோமாவிலும் பென்சில்வேனியாவிலும் விதிகள் வேறு. டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு வெளியே நிலம் வாங்கியிருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்க ஓ.என்.ஜி.சி. அரசிடம் குத்தகை பெறுகிறது. விவசாயிக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்துவதற்கான தொகையும் பயிர் இழப்பீடும்தான். டெக்சாஸில் தனியார் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் தனியார் சொத்து. அதற்கு உரியவரே குத்தகை விடுகிறார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் கிரயப் பத்திரம், நில அளவை விவரம், டைட்டில் இன்ஷூரன்ஸ் (நில உரிமையில் குறை வந்தால் ஈடு தரும் காப்பீடு) ஆவணம், வங்கிக் கடன் இருந்தால் அதன் பத்திரம், பரம்பரைச் சொத்தானால் உயில் அல்லது வாரிசுரிமை ஆவணங்கள், வந்த கடிதமும் அதன் உறையும். உறையில் உள்ள அஞ்சல் தேதி பின்னால் உதவும்.

1. கனிம உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று வில்லங்கம் பாருங்கள்

மேற்பரப்பும் கனிமமும் இரு வேறு சொத்துகளாகப் பிரியக்கூடியவை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலத்தை விற்ற ஒருவர், கனிமத்தில் பாதியைத் தனக்கே நிறுத்திக்கொண்டு விற்றிருக்கலாம். அதன் பிறகு நிலம் எத்தனை கை மாறினாலும் அந்தப் பாதி அதை வாங்கியவர்களுக்கு வந்திருக்காது. டைட்டில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது பெரும்பாலும் கனிம உரிமைக்குப் பொறுப்பேற்காது என்று தனியாக எழுதியிருக்கும்.

கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் பத்திரப் பதிவேட்டில் உங்கள் பத்திரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். ஒவ்வொரு பத்திரத்திலும் விற்பவர் எதையாவது ஒதுக்கி வைத்திருக்கிறாரா, எதையாவது விலக்கி விற்றிருக்கிறாரா என்பதைத்தான் தேட வேண்டும். ராயல்டியில், அதாவது உற்பத்தி வருமானத்தில் கனிம உரிமையாளருக்கு வரும் பங்கில், ஒரு பகுதி மட்டும் வேறொரு குடும்பத்துக்குப் போகும்படி பழைய பத்திரம் எழுதப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் உங்களுக்கு வரும் ராயல்டியிலிருந்தே கழியும்.

இந்தத் தேடலின் முடிவில் உங்களுக்கு வேண்டியது நிகர கனிம ஏக்கர் என்ற ஒரே எண். நிலம் 160 ஏக்கர், கனிமத்தில் பாதி முன்பே பிரிந்துபோயிற்று, மீதிப் பாதி நான்கு உடன்பிறந்தோருக்குச் சமமாக வந்தது என்றால், ஒருவருக்கு 20 நிகர ஏக்கர். போனஸும் ராயல்டியும் இந்த எண்ணின் மேல்தான் கணக்கிடப்படும். நிறுவனத்தின் கடிதத்தில் உள்ள எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வது பரவலான தவறு. அதுவும் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்த எண்தான்; கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

அடுத்து, எண்ணெய் எரிவாயுத் துறையை ஒழுங்குபடுத்தும் டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தைத் திறந்து உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள கிணறுகளைப் பாருங்கள். (பெயரில்தான் ரயில் இருக்கிறது, ரயில்வேக்கும் அதற்கும் இன்று தொடர்பில்லை.) வரைபடம் இலவசம். பக்கத்தில் பழைய கிணறு ஒன்று இன்னும் சிறிதளவு உற்பத்தி செய்துகொண்டிருந்தால், முன்பு உங்கள் நிலத்துக்கு உரியவராக இருந்தவர் இட்ட கையெழுத்தின்படி உங்கள் கனிமம் ஏற்கெனவே குத்தகையில் இருக்க வாய்ப்புண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடி குத்தகை விடுவது வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

2. எதிரே இருப்பவர் யாருக்காக வந்திருக்கிறார் என்று கேளுங்கள்

உங்களைத் தேடி வருபவர் லேண்ட்மேன். அவர் பல நேரம் துளையிடும் நிறுவனத்தின் ஊழியராக இருக்கமாட்டார். ஏதோ ஒரு தரகு நிறுவனம் அமர்த்திய ஆளாக இருப்பார். யாருக்காகக் குத்தகை எடுக்கிறீர்கள், அவர்களே துளையிடுவார்களா அல்லது வேறொருவருக்குக் கைமாற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல மறுப்பதும் ஒரு தகவல்தான்.

இந்தக் கேள்விக்குக் காரணம், அவசரம் யாருக்கு என்பதைக் கண்டறிவது. துளையிடும் அனுமதிக்கான விண்ணப்பங்கள் ரயில்ரோடு கமிஷனில் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. உங்கள் நிலத்தை ஒட்டி அனுமதி கேட்கப்பட்டிருந்தால், கிணறு எங்கே வரப்போகிறது என்பது முடிவாகிவிட்டது. உங்கள் துண்டு அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அக்கம்பக்கத்தில் எதுவுமே நடக்கவில்லையென்றால், அவர்கள் எதிர்காலத்தை ஊகித்து இடம் பிடிக்கிறார்கள். அங்கே உங்கள் பேர வலிமை குறைவு.

அண்டை நிலத்தாரோடு பேசுங்கள். 2008-இல் ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தில் குடியிருப்புச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து பேரம் பேசியதில், சில இடங்களில் ஏக்கருக்கு 20,000 டாலருக்கு மேல் போனஸும் கால் பங்கு ராயல்டியும் கிடைத்தன. அதே ஆண்டின் இறுதியில் எரிவாயு விலை சரிந்தபோது, இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு வந்த விலைகள் திரும்பப் பெறப்பட்டன.

கையெழுத்திடாமல் இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணமும் சரியன்று. டெக்சாஸில் கனிமக் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் குத்தகை விட்டாலே நிறுவனம் துளையிடலாம். மற்றவர்களுக்குச் செலவு போக மிஞ்சும் லாபத்தில் அவரவர் பங்குக்குக் கணக்குக் காட்டினால் போதும். பக்கத்து நிலத்தில் எரிவாயு எடுக்கப் பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும்போது அந்த விரிசல் உங்கள் நிலத்துக்கு அடியில் நீண்டு வாயுவை இழுத்தாலும், அந்த இழப்புக்காக வழக்காட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் கார்சா வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்தது.

3. வந்திருப்பது குத்தகைதானா என்று பாருங்கள்

துளையிடும் அனுமதி பதிவான வட்டாரங்களில் கனிமத்தையே விலைக்கு வாங்குபவர்களின் கடிதங்களும் வந்து குவியும். சிலவற்றுடன் காசோலை போன்ற தாளும் இணைந்திருக்கும். அதனுடன் வரும் பத்திரத்தில் கையெழுத்திட்டு அந்தத் தாளை வங்கியில் போட்டால், அது விற்பனை. இத்தகைய பத்திரங்களில் இது எண்ணெய் எரிவாயுக் குத்தகை இல்லை, உங்கள் உரிமையை விற்கிறீர்கள் என்ற எச்சரிக்கை எடுப்பாக இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் சொத்துச் சட்டம் கூறுகிறது. ஆங்கிலப் பத்திரத்தின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் அந்த வாசகத்தைத் தேடுங்கள்.

4. அச்சடித்த படிவத்துக்குப் பின்னிணைப்பால் பதில் சொல்லுங்கள்

படிவத்தின் மேல் மூலையில் ‘புரொடியூசர்ஸ் 88’ என்று இருக்கும். எல்லோரும் கையெழுத்திடும் வழக்கமான படிவம் இதுதான் என்று லேண்ட்மேன் சொல்வார். அந்தப் பெயரைத் தாங்கிய படிவங்கள் ஏராளம். ஒன்றில் உள்ளது இன்னொன்றில் இருக்காது. உற்பத்தியாளர் என்ற சொல்லே அது யார் பக்கம் நின்று எழுதப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது.

அச்சு வரிகளை அங்கங்கே பேனாவால் அடித்துத் திருத்துவதைவிட, உங்கள் நிபந்தனைகளைத் தனிப் பின்னிணைப்பாக எழுதிச் சேர்ப்பது நல்லது. படிவத்துக்கும் பின்னிணைப்புக்கும் முரண் வந்தால் பின்னிணைப்பே செல்லும் என்பது அதன் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத பின்னிணைப்பு நீதிமன்றத்தில் வலுவிழக்கக்கூடும்.

இந்த இடத்தில் வழக்கறிஞர் தேவை. வீடு வாங்கியபோது உதவியவர் போதாது. டெக்சாஸ் சட்டச் சிறப்புத்தகுதி வாரியம் எண்ணெய், எரிவாயு, கனிமச் சட்டத்தில் தனிச் சான்றிதழ் வழங்குகிறது. அந்தச் சான்று உள்ளவரைப் பாருங்கள். உங்கள் பங்கு இரண்டு மூன்று ஏக்கர்தான் என்றால், அண்டை வீட்டாரோடு சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

5. குத்தகைக் காலத்தை அடைத்துக் கட்டுங்கள்

குத்தகைக்கு இரண்டு காலங்கள் உண்டு. முதலாவது நிலையான காலம், பெரும்பாலும் மூன்று ஆண்டு. இரண்டாவது, எண்ணெயோ எரிவாயுவோ உற்பத்தியாகிக்கொண்டிருக்கும் வரை நீளும் காலம். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிலத்தைத் தலைமுறைகளுக்குக் கட்டிப்போடுவது இரண்டாவது.

மூன்று ஆண்டு என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு, நிறுவனம் விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், நீட்டிப்புக்கான தொகை முதல் போனஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். மலிவான நீட்டிப்பு உண்மையில் மூன்று ஆண்டு விலைக்கு விற்ற ஐந்து ஆண்டுக் குத்தகைதான்.

துளையிடும் பணி தொடங்கினால் குத்தகை உயிரோடு இருக்கும் என்ற பிரிவில், பணி தொடங்குவது என்றால் என்ன என்பதை வரையறுக்க வேண்டும். வரையறை இல்லாத ஒப்பந்தங்களில், கடைசி வாரத்தில் ஒரு புல்டோசரை அனுப்பி மண்ணைச் சமப்படுத்தியதையே தொடக்கமாகக் காட்ட முடியும். குறித்த ஆழத்தை எட்டும் திறனுள்ள ரிக் நிலத்தில் நின்று துளையிடத் தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதினால் அந்த வாசல் அடைபடும்.

அடுத்தது லாபகரமான அளவு உற்பத்தி. 1959-இல் வந்த கிளிஃப்டன் எதிர் கூன்ட்ஸ் தீர்ப்பின்படி, நியாயமான ஒரு காலப்பகுதியில் இயக்கச் செலவுக்கு மேல் வரவு சிறிதேனும் மிஞ்சினாலும் போதும்; மிஞ்சாவிட்டாலும், கிணற்றை நடத்தும் விவேகமுள்ள ஒருவர் அதைத் தொடர்ந்து இயக்குவாரா என்று நீதிமன்றம் பார்க்கும். நாளுக்குச் சில பேரல் மட்டும் கொடுக்கும் சவலைக் கிணறு ஒன்று முழு நிலத்தையும் பிடித்து வைப்பது இதனால்தான். இதற்கு மருந்து அடுத்த படியில் இருக்கிறது.

வால்வு மூடப்பட்ட கிணற்றுக்கான ராயல்டிப் பிரிவையும் கவனியுங்கள். குழாய் இணைப்பு இல்லாமல் எரிவாயுக் கிணற்றை மூடிவைத்து, ஆண்டுக்கு ஏக்கருக்கு ஒரு டாலர் போலச் சொற்பத் தொகை கட்டிக் குத்தகையைத் தக்கவைக்க அது இடம் தருகிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு வைத்து, தொகையையும் உயர்த்துங்கள். இயற்கைச் சீற்றம் போன்ற தடைகளுக்கான பிரிவில், சந்தை விலை வீழ்ச்சி, ரிக் கிடைக்காமை ஆகியவை காரணமாகா என்று சேருங்கள்.

6. பயன்படுத்தாத நிலம் திரும்பி வர வழி செய்யுங்கள்

கிடைமட்டக் கிணறு (ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பி நீளும் கிணறு) தோண்டும்போது பலருடைய நிலங்களை ஒரே யூனிட்டாக இணைப்பார்கள். 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல், பழக்கமான அளவு. இணைப்பதைப் பூலிங் என்கிறார்கள். உங்கள் 100 ஏக்கரில் 10 ஏக்கரை மட்டும் ஒரு யூனிட்டில் சேர்த்தால், அச்சுப் படிவத்தின்படி அந்த யூனிட்டில் நடக்கும் உற்பத்தி மீதி 90 ஏக்கரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்த 90 ஏக்கருக்கு ராயல்டி வராது. வேறொருவருக்குக் குத்தகை விடவும் முடியாது.

இதைத் தடுப்பது பியூ பிரிவு. நிலையான காலம் முடிந்ததும், யூனிட்டுக்கு வெளியே இருக்கும் நிலம் தானாகவே விடுபடும் என்று அது சொல்கிறது. பூலிங் இல்லாமல் உங்கள் நிலத்துக்குள்ளேயே கிணறு இருந்தால், கிணறு ஒன்றுக்கு இத்தனை ஏக்கர்தான் நிறுத்திக்கொள்ளலாம் என்ற பிரிவு வேண்டும். நில அளவு பெரியதென்றால் இரண்டும் வேண்டும்.

ஆழத்துக்கும் இதே விதி பொருந்தும். பெர்மியன் படுகையில் ஸ்ப்ராபெரி, அதன் அடியில் வுல்ஃப்கேம்ப் என்று பாறை அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மேலடுக்கில் ஒரு கிணறு ஓடுகிறது என்பதற்காகக் கீழடுக்குகள் பூட்டிக் கிடக்கக் கூடாது. உற்பத்தியாகும் மிக ஆழமான அடுக்கின் அடித்தளத்திலிருந்து 100 அடிக்குக் கீழே உள்ள உரிமை எல்லாம் விடுபடும் என்பது பரவலாக வழங்கும் வாசகம். சில நிறுவனங்கள் போனஸைக் கூட்டித் தரவாவது ஒப்புக்கொள்ளும், இந்த வரியைச் சேர்க்க மறுக்கும். அந்த மறுப்பிலிருந்தே கீழடுக்கின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

யூனிட்டுக்கு மேல்வரம்பும், உங்கள் நிலத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு அதில் சேர வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். முழு நிலமும் சேர வேண்டும் என்று கேட்டுத் தொடங்குங்கள். சிறு உரிமையாளர்களுக்கு இது பெரும்பாலும் கிடைக்கும்.

7. ராயல்டி: பங்கைவிடக் கழிவு முக்கியம்

எட்டில் ஒரு பங்கு பழைய வழக்கம். இன்னும் சில படிவங்களில் அச்சாகியே வருகிறது. டெக்சாஸின் சுறுசுறுப்பான வட்டாரங்களில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பேசுகிறார்கள். மேற்கு டெக்சாஸில் பல்கலைக்கழக நிதியத்துக்கு உரிய நிலங்கள் கால் பங்குக்கு விடப்படுகின்றன என்பதைப் பேச்சில் எடுத்துக்காட்டலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 20 நிகர ஏக்கர், யூனிட் 640 ஏக்கர், ராயல்டி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 0.0078125. கிணறு ஒரு மாதத்தில் 10,000 பேரல் கொடுத்து, விலை 70 டாலர் என்றால், வரி, கழிவுகளுக்கு முன் உங்களுக்கு 5,468 டாலர். ராயல்டி 20 சதவீதமாக இருந்தால் 4,375 டாலர். மாத வித்தியாசம் ஏறக்குறைய 1,093 டாலர். போனஸில் ஏக்கருக்கு 100 டாலர் கூடுதலாகப் போராடி வாங்கினால் மொத்தம் கிடைப்பது 2,000 டாலர். ஐந்து சதவீதம் இரண்டே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். கிடைமட்டக் கிணற்றின் உற்பத்தி முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாகச் சரியும் என்பதால் இந்த எண் நிலைக்காது. இருந்தாலும், கிணறு வருமென்றால் பங்கில் கிடைப்பதுதான் பெரிது. கிணறே வருமா என்பது சந்தேகமான இடத்தில் மட்டும் போனஸுக்கு முன்னுரிமை தருவதில் நியாயம் உண்டு.

இனி, பெரும்பாலோர் இடறும் இடம். எரிவாயு கிணற்றிலிருந்து சந்தைக்குப் போவதற்குள் சேகரிப்பு, அழுத்தமூட்டல், சுத்திகரிப்பு, குழாய்ப் போக்குவரத்து என்று செலவுகள் ஏறும். படிவம் ராயல்டியைக் கிணற்று வாயிலில் உள்ள சந்தை மதிப்பின்படி கொடுக்கச் சொன்னால், இந்தச் செலவுகளில் உங்கள் பங்கு கழிக்கப்படும். அதைத் தடுக்க, எந்தக் கழிவும் கூடாது என்று பின்னிணைப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

போதாது. 1996-இல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் எதிர் நேஷன்ஸ்பேங்க் வழக்கில் ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட வரி இருந்தது. ஆனால் ராயல்டிப் பிரிவு கிணற்று வாயில் மதிப்பையே அடிப்படையாக வைத்திருந்ததால், கழிவு கூடாது என்ற சொற்களால் பயனில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதன் பிறகு சில வழக்கறிஞர்கள், ஹெரிடேஜ் தீர்ப்பு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த வரி மட்டுமே ராயல்டியைச் செலவிலிருந்து விடுவிக்காது, மீதி வாசகமும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்பது பின்னர் வந்த ஹைடர் வழக்கில் தெளிவானது.

ஆகவே மாற்ற வேண்டியது அடித்தளத்தை. ராயல்டி, மூன்றாம் தரப்புக்கு நடக்கும் முதல் விற்பனையில் கிடைக்கும் மொத்தத் தொகையின் மேல் கணக்கிடப்பட வேண்டும். கிணற்று வாயில் என்ற சொல் ராயல்டிப் பிரிவில் எங்கும் வரக் கூடாது. நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்கே விற்றால், தொடர்பில்லாத வாங்குபவர் கொடுக்கும் விலைக்குக் குறையக் கூடாது. வாங்குபவர் செலவைக் கழித்துக்கொண்டு விலை தந்தால், கழித்ததைத் திரும்பக் கூட்டியே கணக்கிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

இதை முழுமையாக ஏற்க மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. அப்போது சமரசமாக, அந்தச் செலவுகள் போக வரும் விலை, அவற்றைச் செய்யாமல் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலையைவிட உயர்ந்தால் மட்டுமே கழிக்கலாம் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். நிரூபிக்கும் சுமையோ, கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வழியில்லாத உங்கள் தலையில் விழும். இந்தச் சமரசத்தைவிடக் கழிவுக்கு ஒரு நிலையான உச்சவரம்பு வைப்பது நல்லது என்பது என் கருத்து.

எப்படி எழுதினாலும் மாநில உற்பத்தி வரியில் உங்கள் பங்கு கழியும்: எண்ணெய்க்கு 4.6 சதவீதம், எரிவாயுவுக்கு 7.5 சதவீதம்.

8. மேற்பரப்பும் தண்ணீரும்

கனிமம் உங்களுடையது, மேற்பரப்பு வேறொருவருடையது என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இரண்டும் உங்களுடையதென்றால் நின்று படியுங்கள். டெக்சாஸ் சட்டத்தில் கனிம உரிமை மேலோங்கியது. எண்ணெய் எடுக்க நியாயமாகத் தேவைப்படும் அளவு நிலத்தைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒக்லஹோமாவில் இருப்பதுபோல மேற்பரப்புச் சேதத்துக்கு இழப்பீடு கட்டாயம் என்ற பொதுச் சட்டம் இங்கே இல்லை. ஒப்பந்தத்தில் எழுதாதது கிடைக்காது.

வீட்டிலிருந்து 200 அடி தூரம் என்று படிவம் சொல்லும். இரவும் பகலும் ஓடும் ரிக்கின் ஓசைக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை; 1,000 அடி கேளுங்கள். சாலை எந்த வழியாக வரும், மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்துத் திரும்பப் பரப்புவது, வேலி, வாயிற்கதவு, மாடுகள் தாண்டாமல் இருக்க இரும்புக் கம்பித் தடுப்பு, சேதத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்ற தொகை ஆகியவற்றை வரைபடத்தோடு இணையுங்கள். குழாய் உங்கள் குத்தகையின் உற்பத்திக்கு மட்டுமே. வேறிடத்து வாயு அதில் ஓடக் கூடாது. பக்கத்து நிலங்களின் கழிவு உப்புநீரை உங்கள் நிலத்துக்குள் செலுத்தும் கிணறு கூடாது.

தண்ணீரைத் தனியே பேசுங்கள். ஒரு கிடைமட்டக் கிணற்றின் பாறையை உடைக்கக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் செலவாகும். எழுத்தில் தடுக்காவிட்டால், நியாயமாகத் தேவைப்படும் அளவு நிலத்தடி நீரை இலவசமாக எடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று 1972-இல் சன் ஆயில் எதிர் விட்டேக்கர் வழக்கில் தீர்ப்பானது. எழுத்து ஒப்புதலும் விலையும் இல்லாமல் கிணற்று நீர், குட்டை நீர் எதையும் தொடக் கூடாது என்று ஒரு வரி போதும்.

புறநகரில் சிறு மனை வைத்திருப்பவர்களுக்கு இத்தனை பிரிவுகள் தேவையில்லை. மேற்பரப்பை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது, பக்கத்திலிருந்து கிடைமட்டமாகத் துளைக்கலாம் என்ற ஒரே நிபந்தனை போதும்; நிறுவனங்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ளும்.

9. பின்னால் கடிக்கும் சிறு வரிகள்

உரிமைக்கு நீங்கள் உத்தரவாதம் தருகிறீர்கள் என்ற வரியை நீக்குங்கள். இருந்தால், பின்னாளில் உரிமையில் குறை தெரிந்தபோது போனஸைத் திருப்பிக் கேட்க அது வழிவிடும். குத்தகையை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; மாற்றிய பிறகும் பழைய நிறுவனத்தின் பொறுப்பு தொடர வேண்டும். கணக்குகளைத் தணிக்கை செய்யும் உரிமை வேண்டும். தணிக்கையில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் குறைவு தெரிந்தால் தணிக்கைச் செலவு அவர்களுடையது. விபத்து, மாசு ஆகியவற்றால் உங்கள் மேல் வழக்கு வந்தால் அதை அவர்களே ஏற்க வேண்டும்.

நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால், குத்தகை தன் கடனுரிமைக்கு முந்தியதாக இருக்க வங்கி எழுதித் தருமா என்று நிறுவனம் கேட்கும். அதை வங்கியிடம் வாங்கித் தருவது நிறுவனத்தின் வேலை என்று எழுதிவிடுங்கள். போனஸை அதுவரை நிறுத்திவைக்க இடம் கொடுக்காதீர்கள்.

10. இப்போது போனஸைப் பேசுங்கள்

வாசகங்கள் முடிவான பிறகு எண்ணுக்கு வாருங்கள். முதலிலேயே எண்ணில் உடன்பட்டுவிட்டால், பிறகு கேட்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் தொகை முடிந்துவிட்டதே என்ற பதில் வரும். வாசகம் முடிந்த நிலையில் அவர்களும் நேரமும் உழைப்பும் செலவிட்டிருப்பார்கள், எளிதில் எழுந்து போகமாட்டார்கள். அண்டை நிலங்களின் போனஸ் தொகை பதிவேட்டில் கிடைக்காது, ஏனெனில் பதிவாவது பெரும்பாலும் ஒப்பந்தச் சுருக்கம் மட்டுமே. அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனஸ் முழுவதும் கூட்டரசு வருமான வரிக்கு உட்பட்டது. ராயல்டியில் பெரும்பாலான தனிநபர் உரிமையாளர்கள் 15 சதவீதத்தை வளக் குறைவுக் கழிவாக (நிலத்தடி வளம் தீர்ந்துகொண்டே போவதற்கான வரிச் சலுகை) கழிக்கலாம். அந்தச் சதவீதக் கழிவு போனஸுக்குக் கிடையாது. பங்குதாரர்களில் ஒருவர் ஊர் திரும்பி அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவர் ஆகியிருந்தால், ராயல்டியிலிருந்து பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டே அனுப்புவார்கள். அவர் வரி ஆலோசகரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

11. பணம் கைக்கு வரும்வரை அசல் ஒப்பந்தத்தைக் கொடுக்காதீர்கள்

லேண்ட்மேன் சமையலறை மேசையில் ஒப்பந்தத்தை விரித்து, கையெழுத்தையும் நோட்டரி முத்திரையையும் வாங்கிக்கொண்டு, ஒரு டிராஃப்டை நீட்டுவார். நம்மூர் வங்கி டிடி போல முன்பணம் கட்டி எடுத்தது என்று அதை நினைத்துவிடாதீர்கள். கீழே சிறு எழுத்தில், உரிமை ஆய்வுக்கு உட்பட்டு 30 வங்கி வேலைநாட்களுக்குள் செலுத்தப்படும் என்று இருக்கும். அதாவது, ஆறு வாரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் வசதி அவர்களிடம் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஒப்பந்தம் கவுண்டியில் பதிவாகிவிட்டிருந்தால், பணமும் வராமல், வேறு நிறுவனமும் தொடத் தயங்கும் நிலையில் நிலம் நிற்கும்.

முதலில் கேளுங்கள்: காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ, ஒப்பந்தத்துக்குக் கைமாறாக. மறுத்தால், கையெழுத்திட்ட அசலை உங்கள் வழக்கறிஞரிடம் வைத்து, பணம் கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே ஒப்படைக்கச் சொல்லுங்கள். குறித்த நாளுக்குள் முழுத் தொகை வராவிட்டால் குத்தகை தானே செல்லாததாகும் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

12. கிணறு ஓடத் தொடங்கிய பின்

முதலில் டிவிஷன் ஆர்டர் என்ற தாள் வரும். அதில் எட்டுத் தசம இலக்கங்களில் உங்கள் பங்கு இருக்கும். ஏழாவது படியில் போட்ட கணக்கை எடுத்து ஒப்பிடுங்கள். யூனிட்டின் இறுதி ஏக்கர் அளவு மாறியிருந்தால் விளக்கம் கேளுங்கள். கிணற்று வாயில் மதிப்பு, செலவுக் கழிவு போன்ற சொற்களை அந்தத் தாள் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிவிஷன் ஆர்டரால் குத்தகையைத் திருத்த முடியாது என்பது சட்டம்; ஆனால் நீங்கள் அதில் இட்ட ஒப்புதலைத் திரும்பப் பெறும்வரை அதன்படி கொடுக்கப்படும் தொகையை வைத்துக் கேள்வி எழுப்புவது கடினம்.

முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாட்களுக்குள் முதல் தொகை வர வேண்டும். அதன் பின் எண்ணெய்க்கு, விற்ற மாதம் முடிந்து 60 நாட்களும் எரிவாயுவுக்கு 90 நாட்களும் கெடு. தாமதமானால் வட்டி உண்டு.

காசோலையோடு வரும் சீட்டில் மாதம், அளவு, விலை, வரி, கழிவு என்று வரிசைகள் இருக்கும். அளவை ரயில்ரோடு கமிஷன் தளத்தில் அதே மாதத்துக்குப் பதிவான உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். கழிவு வரிசையில் சுருக்கெழுத்துக் குறி ஒன்று புதிதாகத் தோன்றினால், அதே வாரம் எழுத்தில் கேளுங்கள். வீடு மாறினால் முகவரி மாற்றத்தைப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். உரியவரைக் காணாத ராயல்டி சில ஆண்டுகளில் மாநில நிதி அதிகாரியான கன்ட்ரோலரின் உரிமை கோரப்படாத சொத்துக் கணக்குக்குப் போய்விடும். உற்பத்தி தொடங்கிய பிறகு கனிமத்துக்கும் கவுண்டி சொத்து வரி வரும். அந்த ரசீதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

குத்தகை காலாவதியானாலோ, பியூ பிரிவின்படி ஒரு பகுதி விடுபட்டாலோ, 60 நாட்களுக்குள் நிறுவனம் விடுவிப்புப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவைக்க வேண்டும். எழுதியிருந்தாலும் நிறுவனம் தானாக அதைச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாட்காட்டியில் குறித்துவைத்து, கெடு முடிந்த மறுநாளே கடிதம் அனுப்புங்கள். பதிவான விடுவிப்புப் பத்திரத்தின் நகல் கையில் இருந்தால், அடுத்து வரும் லேண்ட்மேனிடம் நிலம் விடுபட்டதா என்ற விவாதத்துக்கே இடமிருக்காது.